ஒன்பது வருடமாகப் பேசாத அக்காவிடம் இந்தச் செய்தியை எப்படிச் சொல்வது?

இளையவள்:

வணக்கம். கொஞ்சம் நீளமாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். இதை முழுதாகச் சொல்ல எனக்கு வேறு ஆள் இல்லை.

எனக்கு 41 வயது. போன வருடம் குளிக்கும்போது இடது மார்பில் ஒரு கட்டி கையில் தட்டுப்பட்டது, கோலிக்குண்டு அளவு. பயாப்ஸியில் ட்ரிபிள் நெகட்டிவ் வகைப் புற்றுநோய் என்று வந்தது, ஹார்மோன் மாத்திரைகள் வேலை செய்யாத வகை. கீமோ, அறுவை சிகிச்சை, கதிர்வீச்சு எல்லாம் முடிந்து நான்கு மாதம் ஆகிறது. தலையில் முடி திரும்ப வளர்கிறது. உடம்பு தேறிக்கொண்டு வருகிறது. நான் கேட்க வந்தது அதைப் பற்றி இல்லை.

இந்த வயதில் இந்த வகை வந்தால் மரபணுவைப் பார்த்துவிட வேண்டும் என்று டாக்டர் சொன்னார். ரத்தம் கொடுத்தேன். பி.ஆர்.சி.ஏ.1 என்ற மரபணுவில் மாற்றம் இருப்பதாக ரிசல்ட் வந்தது. என் அம்மா சினைப்பைப் புற்றுநோயில் 62 வயதில் போனவர். அவரிடமிருந்துதான் எனக்கு வந்திருக்க வேண்டும் என்றார்கள். ரிசல்ட்டை விளக்கிய மரபணு ஆலோசகர் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு, "உங்ககூடப் பிறந்தவங்க யாராவது இருக்காங்களா?" என்று கேட்டார்.

"இல்லை" என்றேன். யோசிக்கவே இல்லை, வாய் தானாகச் சொல்லிவிட்டது. பக்கத்தில் இருந்த என் வீட்டுக்காரர் திரும்பி என்னைப் பார்த்தார். அப்புறம்தான், "அக்கா ஒருத்தி இருக்கா" என்றேன். ஆலோசகர் தாளில் ஒரு வட்டம் போட்டு, உள்ளே கேள்விக்குறி வைத்து, பக்கத்தில் 50% என்று எழுதினார்.

அக்காவுக்கு 45 வயது. அம்மா படுத்த படுக்கையாக இருந்த இரண்டு வருடமும் அக்கா வீட்டில்தான் இருந்தார். நான் வேறு ஊரில் வேலை. மாதாமாதம் பணம் அனுப்புவேன், இரண்டு மூன்று மாதத்துக்கு ஒரு தடவை வந்து இரண்டு நாள் இருந்துவிட்டுப் போவேன். அம்மா போய் மூன்று வாரம் கழித்து, சொந்தக்காரர்கள் ஐந்தாறு பேர் கூடத்தில் இருந்தபோது, "நான் அனுப்பின பணத்துக்குக் கணக்கு எங்கே?" என்று கேட்டுவிட்டேன். யாரோ என் காதில் ஏதோ ஓதியிருந்தார்கள், அது இப்போது முக்கியமில்லை. கேட்டது என் வாய்தான். அக்கா ஒன்றும் பேசவில்லை. உள்ளே போய் நீல அட்டை போட்ட ஒரு நோட்டை எடுத்து வந்து நீட்டினாள். நான் அதைக் கையில்கூட வாங்காமல், "இதெல்லாம் இப்போ உட்கார்ந்து எழுதினதா?" என்றேன்.

"இனிமே எனக்குத் தங்கச்சி கிடையாது" என்றாள். அன்றோடு சரி.

கீமோ மூன்றாவது சுற்றில் எனக்கு வாயெல்லாம் புண். தண்ணீர் குடித்தால்கூட எரியும். அம்மாவுக்கும் இப்படித்தான் இருந்தது என்று தெரியும். அதற்கு அக்கா என்ன செய்தாள் என்று எனக்குத் தெரியாது. அதைக் கேட்பதற்காவது அவள் வேண்டும் என்று ராத்திரி மூன்று மணிக்கு உட்கார்ந்து அழுதேன். அவள் நம்பர் இன்னும் மனப்பாடமாக இருக்கிறது. போடவில்லை.

இப்போது சொல்லித்தான் ஆக வேண்டும். என் பயம் இரண்டு. ஒன்று, "நோய் வந்ததும் உறவைத் தேடி வந்துட்டா" என்று நினைப்பாள். அதைவிடப் பெரியது, அந்த நோயை இரண்டு வருடம் தன் கையால் துடைத்துக் கழுவியவளிடம் போய், "உனக்கும் வரலாம்" என்று நான் எப்படிச் சொல்வேன்? அவளுக்கு ஒரு மகள். நான் கடைசியாகப் பார்த்தபோது பத்து வயது, இப்போது பத்தொன்பது.

சித்தி மூலமாகச் சொல்லிவிடலாம் என்கிறார் வீட்டுக்காரர். முதலில் மன்னிப்புக் கேட்டுவிட்டுப் பிறகு சொல்வதா, செய்தியை மட்டும் சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்வதா? எழுதுவதா, போன் செய்வதா? இப்படி ஒரு நிலைமையில் இருந்தவர்கள் யாராவது சொல்லுங்கள்.


சாளரம்:

சகோதரி, நான் புற்றுநோய்ப் பிரிவில் 18 வருடம் நர்ஸாக இருந்தவள். அக்கா தங்கை விஷயத்தில் எனக்கு அதிகம் சொல்லத் தெரியாது. செய்தியைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

நீங்கள் அக்காவிடம் நோயைக் கொண்டுபோகவில்லை. அவருக்கு இந்த மாற்றம் இருந்தால் பிறந்ததிலிருந்தே இருக்கிறது, நீங்கள் சொல்லி வரப்போவதில்லை. இல்லையென்றால் நீங்கள் சொல்லாமல் அவருக்கு அது தெரியவும் போவதில்லை. அம்மாவைப் பார்த்துக்கொண்ட ஒரு மகள், ஒவ்வொரு தடவை வயிறு உப்பும்போதும் என்ன நினைத்துக்கொள்வார் என்று யோசித்துப் பாருங்கள். அந்தப் பயம் அவரிடம் ஏற்கெனவே இருக்கும். நீங்கள் கொண்டுபோவது அந்தப் பயத்துக்கு ஒரு பதில் கிடைக்கும் வழி.

பி.ஆர்.சி.ஏ.1 மாற்றம் உள்ள பெண்களில் 60 சதவீதத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு வாழ்நாளில் மார்புப் புற்றுநோய் வரக்கூடும் என்றும், சினைப்பையில் வரும் வாய்ப்பு 39 முதல் 58 சதவீதம் என்றும் அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனம் சொல்கிறது. மாற்றம் இல்லாத பெண்களுக்குச் சினைப்பையில் வருவது நூற்றில் ஒருவருக்குத்தான். கேட்கப் பயமாக இருக்கும். ஆனால் இந்த எண்கள் கையில் இருப்பதால்தான் டாக்டர்கள் முன்கூட்டியே ஏதாவது செய்ய முடிகிறது. வருடாவருடம் எம்.ஆர்.ஐ, மேமோகிராம் எடுத்துப் பார்க்கிறார்கள். பிள்ளை பெற்று முடித்தவர்களுக்கு 35 முதல் 40 வயதுக்குள் சினைப்பையையும் கருக்குழாய்களையும் எடுத்துவிடச் சொல்கிறார்கள். உங்கள் அக்கா அந்த வயதைத் தாண்டிவிட்டார், அதனால் தள்ளிப்போடாதீர்கள் என்று சொல்கிறேன். சினைப்பைக்கு நம்பகமான முன்கூட்டிய பரிசோதனை கிடையாது. உங்கள் அம்மா விஷயத்தில் எவ்வளவு தாமதமாகத் தெரிந்தது என்று உங்களுக்கே நினைவிருக்கும்.

இன்னொன்று, வாயால் சொன்னால் மட்டும் போதாது. உங்கள் ரிப்போர்ட்டின் நகல் அவர் கைக்குப் போக வேண்டும். மரபணுவில் எந்த இடத்தில் மாற்றம் என்பது அதில் எழுத்தும் எண்ணுமாக இருக்கும். அந்த ஓர் இடத்தை மட்டும் பார்த்தால் போதும், பரிசோதனை சுலபமாகிவிடும். அங்கே மாற்றம் இல்லையென்று வந்தால் அவருக்கும் அந்தக் கவலை தீர்ந்தது, மகளுக்கும் தீர்ந்தது. இருந்தால் மகளுக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. உறவினர்களிடம் கொடுப்பதற்கென்றே ஆலோசகர்கள் ஒரு கடிதம் எழுதித் தருவார்கள், கேட்டு வாங்குங்கள்.

சித்தி என்றீர்களே, அவர் அம்மாவின் தங்கைதானே? அப்படியானால் அவரும் பார்த்துக்கொள்ள வேண்டியவர். தூது போகச் சொல்வதற்கு முன்னால் அவரிடம் இதைச் சொல்லுங்கள்.


நடைவண்டி:

அம்மா, எனக்கு 67 வயது. உங்கள் கேள்வியைக் காலையில் படித்தேன், சாயங்காலம்வரை வேறு வேலை ஓடவில்லை.

நானும் என் தம்பியும் பதினான்கு வருடம் பேசவில்லை. காரணம் நிலம். ஒரு நாள் காலை அவனே போன் செய்தான். "அண்ணே, நான் பண்ணினது எல்லாம் தப்பு, மன்னிச்சிடுங்க" என்றான். எனக்குக் கை நடுங்கியது. பதினான்கு வருடம் நான் காத்திருந்த வார்த்தை அது. உட்காரக்கூட இல்லை, அடுத்த வாக்கியத்தில் சொன்னான், தனக்கு ரத்தப் புற்றுநோய், ஸ்டெம் செல் மாற்ற வேண்டும், கூடப் பிறந்தவர்களைத்தான் முதலில் பார்ப்பார்கள் என்று. ஒரே அப்பா அம்மாவுக்குப் பிறந்தவர்களுக்குள் முழுதாகப் பொருந்துவது நான்கில் ஒரு வாய்ப்பு. எனக்குப் பொருந்தியது. கொடுத்தேன். ஐந்து நாள் ஊசி போட்டு, கையில் குழாய் வைத்து, மிஷினில் ரத்தத்தைச் சுற்றவிட்டு எடுத்தார்கள். அவன் பிழைத்தான், ஆறு வருடம் ஆகிறது, நன்றாக இருக்கிறான். வீட்டுக்கு வருகிறான், போகிறான்.

ஆனால் அம்மா, அந்த மன்னிப்பு எனக்கா, என் ரத்தத்துக்கா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. அவனிடம் கேட்கவும் முடியாது. கேட்டால் அவன் நெஞ்சு உடைந்துவிடும். ஒருவேளை உண்மையாகவே சொல்லியிருப்பான். இரண்டையும் ஒரே மூச்சில் சொன்னதால் நான் அதை இழந்துவிட்டேன்.

அதனால் சொல்கிறேன், சேர்த்துச் சொல்லாதீர்கள். செய்தி ஒரு நாள் போகட்டும். மன்னிப்பு இன்னொரு நாள், தனியாகப் போகட்டும். இரண்டாவதற்கு அவர் பதில் போடாமலே இருக்கலாம், அது அவர் இஷ்டம். செய்தியை நீங்கள் உங்கள் கையாலேயே அனுப்புங்கள். அடுத்தவர் வாயில் போனால் அதில் ஒரு சொல் கூடும், ஒரு சொல் குறையும். உங்கள் வீட்டுச் சண்டையே அப்படி ஆரம்பித்ததுதானே?


கல்தூண்:

மேலே எழுதிய பெரியவர் சொல்வதில் பாதியை ஏற்கிறேன். பாதியை ஏற்க முடியவில்லை.

நான் உங்கள் அக்கா இடத்தில் இருப்பவள். அப்பாவை மூன்று வருடம் பார்த்துக்கொண்டேன். டயாலிசிஸ், வாரத்துக்கு மூன்று நாள். ஒரு தடவை உட்கார்ந்தால் நான்கு மணி நேரம். என் அண்ணன் உங்களைப் போலப் பணம் அனுப்பினான், உங்களைப் போலவே பேசினான். நாளைக்கு அவனிடமிருந்து எனக்கு ஒரு மெடிக்கல் ரிப்போர்ட் மட்டும் தபாலில் வந்தால், பிரிக்காமல் ஒரு மாதம் அலமாரியில் போட்டு வைப்பேன். அந்த ஒரு மாதத்தில் என்ன ஆகும் என்று நர்ஸம்மாவைக் கேளுங்கள்.

அதனால் ரிப்போர்ட்டோடு ஒரு வரியாவது இருக்க வேண்டும். மன்னிப்பு வேண்டாம். "மன்னித்துவிடு" என்பதும் ஒரு வேலைதான், அவள் உட்கார்ந்து உங்களுக்காகச் செய்ய வேண்டிய இன்னொரு வேலை. இரண்டு வருடம் வேலை செய்தவளிடம் இன்னும் ஒன்றைக் கொடுக்காதீர்கள். நீங்கள் செய்த தப்பை அதன் பெயரோடு எழுதுங்கள். 'அன்றைக்கு ஏதோ கோபத்தில் பேசிவிட்டேன்' என்று பொத்தாம்பொதுவாக எழுதினால் நான் கிழித்துவிடுவேன். நோட்டை வாங்காதது, "இப்போ எழுதினதா" என்று கேட்டது, ஐந்தாறு பேர் முன்னால் கேட்டது, இந்த மூன்றும் அதில் இருக்க வேண்டும். யார் காதில் ஓதினார்கள் என்பது இருக்கவே கூடாது.

ஒரு விஷயம் கேட்டிருக்கிறேன். கார்னெல் பல்கலைக்கழகத்தில் கார்ல் பில்லமர் என்ற சமூகவியலாளர், குடும்பத்தில் பேச்சு விட்டுப்போனவர்களைப் பற்றி ஆய்வு செய்து 2020ல் வெளியிட்டார். கேட்கப்பட்ட 1,340 அமெரிக்கர்களில் 27 சதவீதம் பேர் ஏதோ ஓர் உறவினரோடு தொடர்பே இல்லாமல் இருந்தார்களாம். திரும்பச் சேர்ந்தவர்களிடமும் அவர் பேசியிருக்கிறார். நடந்தது இதுதான் என்று எதிராளியும் தன்னைப்போலவே ஒத்துக்கொள்ள வேண்டும் என்ற பிடிவாதத்தை விட்டவர்கள்தான் அவர்களில் பலர். நான் இன்னும் விடவில்லை. அதனால் உங்களுக்குச் சொல்ல எனக்குத் தகுதி இல்லாமல் இருக்கலாம். ஆனால் அலமாரியில் போடாமல் நான் பிரித்துப் படிக்கும் கடிதம் எப்படி இருக்கும் என்பது எனக்குத் தெரியும்.


இளையவள்:

எழுதிய மூவருக்கும் நன்றி. பெரியவரே, உங்கள் பதிலை வீட்டுக்காரரிடம் படித்துக் காட்டினேன், அவர் எழுந்து வெளியே போய்விட்டார். அவருக்கும் ஒரு தம்பி இருக்கிறார்.

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். என்ன நடந்ததோ அதைச் சொல்லிவிடுகிறேன்.

முதலில் சித்தியிடம் போனேன். "இத்தனை வருஷம் பேசாம இருந்துட்டு இப்போ நோயைச் சொல்லிக்கிட்டா போவே?" என்று கேட்டாள். சித்திக்கும் இது இருக்கலாம் என்று சொன்னதும் கோபம் போய் உட்கார்ந்துவிட்டாள். ஒன்றும் சொல்லவில்லை. அக்கா வீடு மாறியிருந்தாள், புது விலாசத்தை மட்டும் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தாள்.

இரண்டு உறை. முதல் உறையில் ரிப்போர்ட் நகல், ஆலோசகர் கொடுத்த கடிதம், கூடவே என் கையெழுத்தில் நான்கு வரி. எனக்கு என்ன வந்தது, உனக்கு ஏன் பார்க்க வேண்டும், நீ எனக்குப் பதில் போட வேண்டிய அவசியமில்லை, டாக்டரிடம் மட்டும் போ. கல்தூண் சொன்ன வரியையும் சேர்த்தேன். 'அன்றைக்கு நீ நீட்டிய நோட்டை நான் வாங்கியிருக்க வேண்டும்.' அவ்வளவுதான். மீதி எல்லாவற்றையும் இரண்டாவது உறையில் எழுதி ஒட்டி வைத்தேன், அது இன்னும் என் மேஜையில்தான் இருக்கிறது. அந்த நான்கு வரிக்கு மூன்று ராத்திரி ஆனது. முதலில் எழுதியதில் 'நானும் அப்போது சின்னவள்' என்று ஒரு வரி இருந்தது. எனக்கு அப்போது 32 வயது. அடித்துவிட்டேன்.

உறை போய்ச் சேர்ந்ததாகத் தகவல் வந்தது. ஒன்பது நாள் ஒன்றுமில்லை. பத்தாவது நாள் போன் அடித்தது. என் போனில் அவள் பெயர் இல்லை, வெறும் நம்பர். எடுத்து நான் ஹலோகூடச் சொல்லவில்லை.

"அம்மாவுக்கு எந்த வயசுல கண்டுபிடிச்சாங்கன்னு அந்த டாக்டருக்குத் தெரியுமா?" என்றாள். வேறு எந்த ஆரம்பமும் இல்லை.

"அறுபதுன்னு சொன்னேன்."

"ஐம்பத்தொன்பது. அறுபது முடியல. சரியாச் சொல்லு."

சொல்கிறேன் என்றேன். கொஞ்ச நேரம் இரண்டு பேரும் பேசவில்லை. அப்புறம், "வாய்ப்புண் வந்துச்சா?" என்று கேட்டாள். வந்தது என்றேன். "உப்புத் தண்ணி கொப்புளிச்சியா, ஐஸ் வெச்சியா?" என்றாள். நான் அழுவது கேட்டிருக்கும். "சரி, வை" என்று வைத்துவிட்டாள்.

நான்கு நாள் கழித்து ஒரு பார்சல் வந்தது. அந்த நீல அட்டை நோட்டு. கடிதம் எதுவும் இல்லை. மேலே ஒரு சின்னச் சீட்டில், 'நோயோட விவரம் எல்லாம் இதில் இருக்கு, டாக்டரிடம் காட்டு' என்று மட்டும் இருந்தது.

உண்மையிலேயே இருக்கிறது. முதல் ஸ்கேன் எடுத்த தேதி, ரத்தத்தில் பார்க்கும் புற்றுநோய்க் குறியீடான சி.ஏ.125 எத்தனை, எந்த மருந்து, எந்தக் கிழமை வாந்தி, எந்தக் கிழமை தூக்கம். வலது ஓரத்தில் செலவு. கணக்கு ஒரு பக்கம்கூட விடுபடவில்லை. நீல மை, கறுப்பு மை, ஒரு இடத்தில் பென்சில், மருந்தோ தண்ணீரோ சிந்தி ஊறிப்போன பக்கங்கள். உட்கார்ந்து ஒரே நாளில் எழுதியதில்லை என்று யார் பார்த்தாலும் தெரியும். ஆலோசகர் அதிலிருந்து இரண்டு மணி நேரம் குறிப்பெடுத்தார். ஒரு குடும்பத்தின் நோய் விவரம் இவ்வளவு சுத்தமாகத் தன் கைக்கு வந்ததில்லை என்றார்.

அவர் பார்க்காத ஒன்றை நான் பார்த்தேன். நான் போன் செய்த நாளெல்லாம் அதில் இருக்கிறது. மருந்து வரிசையிலேயே, அதே மாதிரி நேரம் போட்டு. 'மாலை 7.10, தங்கச்சி போன். அம்மா இரண்டு வாய் கூடச் சாப்பிட்டாங்க.' 'தங்கச்சி போன் வரல. தூக்க மாத்திரை அரை.' இரண்டு வருடம் முழுக்க. நான் போன் செய்யாத நாட்கள்தான் அதிகம்.

கல்தூண், உங்களுக்குத் தகுதி இல்லை என்று எழுதியிருந்தீர்களே, அந்த ஒரு வரி இல்லாமல் இது வந்திருக்காது. உங்கள் அண்ணனைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப்போவதில்லை.

சாளரம் அம்மா, சித்தியும் அக்காவும் ஒரே நாளில் போய் ரத்தம் கொடுத்துவிட்டார்கள். சித்தியே அழைத்துப் போனாள். அக்காவின் மகளுக்கு இன்னும் சொல்லவில்லை, தன் ரிசல்ட் வந்த பிறகு தானே சொல்லிக்கொள்வதாக அக்கா சொல்லிவிட்டாள். நான் அதில் தலையிடவில்லை.

வருகிற வியாழக்கிழமை அவளுடைய ரிசல்ட். நானும் வரட்டுமா என்று நேற்று போனில் கேட்டேன். ரொம்ப நேரம் பதிலே இல்லை. அப்புறம், "வேணும்னா வா. உள்ளே வேண்டாம், வெளியே உட்காரு" என்றாள்.

போகிறேன். நோட்டையும் எடுத்துக்கொண்டு போகிறேன்.